கசாப்புக் கடைக்காரர் வண்டியிலும் அதே நாரை

தன்னிடம் ஒரு பொருள் இருப்பதில் பாதி சந்தோஷம், அது அடுத்த வீட்டுக்காரனிடம் இல்லாததில் மீதி சந்தோஷம் என்று வாழ்கிற ஒரு ரகத்து மனிதரை உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். பாதி என்று நான் சொன்னது மரியாதைக்காக. சரியான பங்கை அவர் மனைவியைக் கேட்டால் சொல்வார்.

இந்த ரகத்தவர் நல்ல கைக்கடிகாரம் வாங்கினால் உங்களிடம் மணி கேட்பார், நீங்கள் சொன்னதும் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, "அப்படியா? இதுல வேற மாதிரி காட்டுதே" என்பார். கோட்டு வாங்கினால் வெயிலிலும் போட்டுக்கொண்டு வந்து, கழற்றி, உள்பக்கத்துத் தையற்காரர் பெயர் தெரிகிற மாதிரி நாற்காலியில் மடித்துப் போடுவார். கார் வாங்கினாலோ, அதற்குக் கார் என்ற பொதுப்பெயரே கிடையாது; கம்பெனிப் பெயர்தான். "கார்ஸ்டனை எடுத்துட்டு வர்றேன்" என்பார், ஏதோ கோயில் யானையை அழைத்து வருவதுபோல.

அமெரிக்காவில் க்ளீவ்லண்ட் நகரத்தில் 1935ஆம் வருஷம் அப்படி ஒருவர் இருந்தார். மார்ட்டிமர் ஹேல். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவி. பங்குச் சந்தை கவிழ்ந்தபோது அவருடைய சமையல்காரர் போனார், தோட்டக்காரர் போனார், கடைசியில் காரோட்டியும் போனார். கார் மட்டும் போகவில்லை. படகு நீளம், பிஷப்புகளும் வங்கி முதலாளிகளும் ஏறுகிற கார்ஸ்டன்; மூக்கின் நுனியில் சிறகை விரித்து நிற்கும் வெள்ளி நாரை. அந்த நாரையை ஹேல் தன் கைக்குட்டையாலேயே துடைப்பார். மனைவி யூனிஸை அதில் பின்சீட்டில் உட்காரத்தான் விடுவார். "இதோட கிளட்ச்சை மிதிக்க ஆம்பளைக் கால் வேணும்" என்பது அவர் தீர்ப்பு.

இதற்கிடையில் கார்ஸ்டன் கம்பெனி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. பிஷப்புகள் பழைய வண்டியையே பழுது பார்த்து ஓட்டினார்கள். வங்கி முதலாளிகளில் பாதிப் பேருக்கு வங்கியே இல்லை. வேறு வழியில்லாமல் கம்பெனிக்காரர்கள் ஒரு சின்ன காரைச் செய்து, சாதாரண மனிதன் தொடக்கூடிய விலையைப் போட்டு, அதன் மூக்கிலும் அதே நாரையை நிறுத்தினார்கள். ஊரே வரிசையில் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஹேலின் வண்டியை உரசாத குறையாக ஒரு சின்ன கார்ஸ்டன் வந்து நின்றது. இறங்கியவர் ஓட்டோ க்ராஸ்மேன். ஹேல் வீட்டுக்குத் தொத்திறைச்சி கொடுக்கிற கசாப்புக் கடைக்காரர்.

"காலை வணக்கம் சார்! பாத்தீங்களா, நாம ரெண்டு பேரும் ஒரே குடும்பமாயிட்டோம்!"

"என்ன குடும்பம்?"

"கார்ஸ்டன் குடும்பம்தான். உங்களுது அண்ணன், என்னுது தம்பி."

ஹேல் விறுவிறுவென்று உள்ளே போனார். அன்று போதகர் எதைப்பற்றிப் பேசினார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. வெளியே இரண்டு நாரைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்பதே கண்ணுக்குள் இருந்தது.

மறுநாள் நேராக ஷோரூமுக்குப் போனார். விற்பனையாளர் பெல் ஓடிவந்து தொப்பியை வாங்கிக்கொண்டார்.

"அந்த நாரையைச் சின்ன வண்டியிலேருந்து எடுக்கணும்" என்றார் ஹேல்.

"எடுத்துட்டு எதை சார் வைக்கிறது?"

"கோழியை வைங்க. குருவியை வைங்க. எனக்கென்ன?"

"நாரைக்காகத்தானே சார் வாங்கறாங்க!"

"அதைத்தான்யா நானும் சொல்றேன்!"

பெல் குரலைத் தாழ்த்தினார். "சார், சின்ன வண்டி வரலேன்னா போன குளிர்காலமே தொழிற்சாலையைப் பூட்டியிருப்பாங்க. உங்க வண்டிக்கு ஒரு திருகாணிகூடக் கிடைச்சிருக்காது."

"பூட்டியிருக்கலாமே. மரியாதையோட பூட்டியிருக்கலாம்."

"என் தம்பி அங்கதான் சார் வேலை பாக்கிறான். கைக்குழந்தைக்காரன்."

"அது வேற விஷயம்" என்றார் ஹேல். இந்த ரகத்தவருக்கு எப்போதும் அது வேறு விஷயம்தான்.

பிறகு அவர் என்ன செய்தார்? தன்மானமுள்ள மனிதன் என்ன செய்வானோ அதைச் செய்தார். சங்கம் ஆரம்பித்தார். 'அசல் கார்ஸ்டன் உரிமையாளர் சங்கம்.' தலைவர், செயலாளர், தீர்மானம் எழுதியவர், எல்லாம் அவரே. முதல் கூட்டம் அவர் வீட்டுக் கூடத்தில். நகரத்தின் பழைய கார்ஸ்டன்காரர்கள் அத்தனை பேருக்கும் அழைப்பு போனது. யூனிஸ் ஆப்பிள் கேக் செய்தார்.

முதலில் வந்தவர் நீதிபதி ட்ரெட்வே. வந்தது சின்ன காரில்.

"உங்க பெரிய வண்டி என்னாச்சு?" என்றார் ஹேல், வீட்டில் சாவு விழுந்ததா என்று கேட்கிற குரலில்.

"கொட்டகையில நிக்குது. இது சிட்டு மாதிரி பறக்குதுய்யா! சந்துல திருப்பலாம், பெட்ரோல் குடிக்கிறதில்ல. நீ இன்னும் வாங்கலையா?"

அடுத்து வந்த விதவை லேத்ராப் அம்மாள் டிராமில் வந்தார்; தன் வண்டியைப் போன மாதமே விற்றுவிட்டாராம். மற்றவர்களில் நாலு பேர் சின்ன காரிலேயே வந்து, வாசலில் வண்டிகளைப் பற்றி ஆளுக்கு ஆள் பெருமை பேசிக்கொண்டு நின்றார்கள்.

ஹேல் தொண்டையைக் கனைத்துத் தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கினார். இரண்டாம் பத்தியில் நிமிர்ந்து பார்த்தால் கூடத்தில் லேத்ராப் அம்மாளும் கேக்கும்தான் இருந்தார்கள். எல்லோரும் வெளியே. ஓடிப் போய்ப் பார்த்தார். நீதிபதி தன் வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஓட்டித்தான் பாருங்களேன், அம்மா" என்று யூனிஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு ஓட்டத் தெரியாது!" என்று கத்தினார் ஹேல்.

"தெரியும். எங்கப்பா பண்ணையில லாரியே ஓட்டியிருக்கேன். நீங்க ஒரு நாளும் கேக்கல" என்றார் யூனிஸ். வண்டி கிளம்பிவிட்டது.

தெருவைச் சுற்றித் திரும்பி வந்தபோது அவர் கொண்டை அவிழ்ந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் பார்த்த அந்தச் சிரிப்பை ஹேலுக்கு அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரமாயிற்று. அதில் தனக்குப் பங்கில்லை என்பது மட்டும் உடனே புரிந்தது. முதல் தடவையாக அவருக்கு நாரையைத் தவிர வேறொன்றுக்காக நெஞ்சு வலித்தது.

"பெரிசை வித்துட்டுச் சின்னதை வாங்கிடலாங்க" என்றார் யூனிஸ், எல்லோர் முன்னாலும். "நீங்க சங்கத் தலைவராவே இருங்க. நான் தலைவர் பெண்டாட்டியா வண்டி ஓட்டிக்கிட்டுப் போறேன்."

பெரிய கார்ஸ்டனை வாங்கியது சவ அடக்கம் செய்கிற கம்பெனி. அது ஊர்வலத்தின் முன்னால் போவதைப் பார்க்க நேர்ந்தபோதெல்லாம் ஹேல் தொப்பியைக் கழற்றினார். செத்தவருக்காக என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆள் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் ரொம்ப நல்லவர். சின்ன காரில் மனைவி பக்கத்தில் முகத்தை மறைத்து உட்கார்ந்து போனவர், வசந்தம் வருவதற்குள், "பெரிய வண்டியெல்லாம் ஆடம்பரக்காரனுக்கு. ரசனை உள்ளவன் இதைத்தான் வாங்குவான்" என்று பேச ஆரம்பித்தார். ஒருநாள் கடையில் க்ராஸ்மேன் அவருக்குக் கல்லீரல் நிறுத்துக்கொண்டிருக்கும்போது, பால்காரன் ஒருவனும் சின்ன கார்ஸ்டன் வாங்கிவிட்டான் என்ற செய்தி வந்தது.

ஹேல் பெருமூச்சு விட்டார். "தராதரமே இல்லாமப் போச்சு, க்ராஸ்மேன்."

க்ராஸ்மேன் கத்தியைக் கீழே வைத்தார். "ஆமாம் சார். கண்டவனும் வாங்க ஆரம்பிச்சுட்டான்."

அன்றுதான் இருவரும் உண்மையிலேயே ஒரே குடும்பமானார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தெருவில் உங்களிடம் மட்டும் இருந்த ஒரு பொருளை எதிர்வீட்டுக்காரர் போன வாரம் வாங்கி வந்து ஆசையாகக் காட்டினாரே, நீங்களும் "ரொம்ப நல்லா இருக்கே" என்றீர்களே, அதைச் சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் பேசாமல் நின்றீர்கள்?