சூனியக்காரிக்கு முதல் பிரதி

ஆண்டு விழாவில் பிள்ளைகள் எல்லாருக்கும் தன் நாவலைத்தான் பரிசாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கல்வராயன் மலைக் குளிரிலும் ஆல்பினுக்கு வியர்த்தது.

"வேற எதனா குடுக்கலாமே சார்? டிபன் பாக்ஸு, பேனா..."

"நம்ம விடுதியில படிச்ச புள்ள எழுதின புக்கு. அத வுட்டுட்டு டிபன் பாக்ஸா?" என்றார் தலைமையாசிரியர் காசிநாதன். "உங்க கணக்கு டீச்சர் செந்தமிழ்ச்செல்வியும் வர்றாங்க. மொத காப்பி அவங்களுக்குத்தான் அனுப்பினேன்."

நாவலில் ஒரு சூனியக்காரி இதே மலையில் ஏழு பிறவியாக வாழ்கிறாள். வாய்ப்பாடு ஒப்பிக்காத பிள்ளைகளைத் தவளையாக்குகிறாள். கூர்மூக்கு, அதட்டல், கிட்டே வந்தால் நீலகிரித் தைல வாசனை. அச்சு அசல் கணக்கு டீச்சர்.

ஆனால் இருபது வருஷத்துக்கு முன்னால், விடுதிக் கூரை ஒழுகிய மழைநாட்களில் பிள்ளைகளைத் தன் வீட்டில் படுக்கவைத்து, ஆளுக்கொரு டம்ளர் சுக்குக் காப்பி கொடுத்தவரும் அவர்தான். அந்த அடுப்போரம் உட்கார்ந்துதான் ஆல்பின் தன் முதல் கதையை எழுதினான். அதை மட்டும் நாவலில் எழுதாமல் விட்டுவிட்டான்.

வெளியே பலா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரை ஆல்பின் பார்த்தான். தலை நரைத்திருந்தது. மூக்கு அதே மூக்கு. மடியில் நாவல்.

"நீதான் எழுதினவனா? ரெண்டு நாளா இத்தான் படிச்சிக்கினு இருக்கேன். யாருப்பா இந்த சூனியக்காரி?"

"நீங்க இல்ல டீச்சர், சத்தியமா! உங்கள நெனச்சி எழுதினது அந்த ராணி."

"ராணியா? அவ மூணாம் பக்கத்துலயே செத்துப் பூட்றாளே."

"மறுபடியும் பொறக்குறாங்க டீச்சர்."

"இன்னாவா?"

"ஆடா."

"அத்தயும் அறுத்து விருந்து வெச்சிட்டியேப்பா. சரி, சூனியக்காரி யாரு?"

வேறு பெயர் எதுவும் வாயில் வரவில்லை. "ஹெச்.எம். சாரு."

"ஆம்பளயவா?"

"போன ஜென்மத்துல பொம்பள, டீச்சர்."

"நானா?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. கையில் மாலையோடு காசிநாதன்.

இதற்கு மேல் சொல்ல ஆல்பினிடம் பொய் இல்லை. சடாரென்று நாற்காலியில் இருந்தவர் காலில் விழுந்தான்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். சூனியக்காரி நீங்கதான். அடிச்சது, அதட்டினது எல்லாத்தயும் எழுதினேன். சுக்குக் காப்பிய எழுதாம வுட்டுட்டேன். உங்க வூட்டு அடுப்பு இல்லன்னா நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன்." குரல் உடைந்து கண்ணீர் வந்துவிட்டது.

அவர் பதறிப்போய் அவனைத் தூக்கப் பார்த்தார். "எழுந்திரு தம்பி, நான் வந்து..."

அதற்குள் விடுதிச் சமையல்காரி கமலா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஆல்பின் சார், கணக்கு டீச்சரோட தங்கச்சி கால்ல வுழுந்துக்கினு இன்னா பண்றீங்க? அங்க டீச்சரு, 'நான்தான்டா அந்த சூனியக்காரி'ன்னு சொல்லி, உங்க புக்கு ஒவ்வொண்ணுலயும் புள்ளைங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கினு இருக்காங்க!"