கருடனுக்கு ஒரு க்யூ

தனசேகரின் சோற்றுப் பைக்குள் ஆடு தலையை விட்டிருந்தது. அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

வடக்கே வானத்தில் வலசை போகும் பூனைப்பருந்துகள் வந்துகொண்டிருந்தன. வெயிலில் பாறை சூடாகி மேலே எழும்புகிற காற்றில் ஏறி, வட்டம் போட்டு, உயரம் பிடித்து, அப்புறம் இறக்கையை ஆட்டாமலே தெற்கே வழுக்கிக்கொண்டு போகும். அப்படிப் போவதை மட்டும்தான் எண்ண வேண்டும். சும்மா சுற்றிவிட்டுத் திரும்பி வருவதெல்லாம் உள்ளூர்ப் பருந்து, கணக்கில் சேராது. கண்ணை எடுத்தால் போச்சு. எது போனது, எது திரும்பியது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

“முப்பத்தாறு… முப்பத்தேழு…”

உதடு முணுமுணுக்க, விரலில் மாட்டியிருந்த குட்டி மிஷினை அழுத்தினார். கோவிந்த நாமம் சொல்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற மிஷின் அது. பழைய கவுண்டர் பாறை இடுக்கில் விழுந்துவிட்டது, அவசரத்துக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கிடைத்தது இதுதான். எண்ணுவதற்கு எதுவாக இருந்தால் என்ன?

டிபன் பாக்ஸ் டமாலென்று கவிழ்ந்தது. தனசேகர் திரும்பினார். எண்ணிக்கை போயிற்று.

“ஏய் செங்கம்மா! ஆட்ட தொறந்து உட்டுட்டு நீ எங்க வேடிக்க பாத்துக்கினு கீற?”

அடிவாரத்தில் பட்டி வைத்திருக்கும் செங்கம்மா நிதானமாகப் பாறை ஏறி வந்தாள். “மல இன்னா உன் தறிக் கொட்டாயா சார்? ஆடுன்னா மேயும்.”

“மேயட்டும்! என் புளிசோத்த ஏன் மேயுது? இந்தா பாரு, வயிறு எரிஞ்சி சொல்றேன். உன் ஆடு ஒண்ணுகூட வூடு வந்து சேராது! பட்டி காலியாப் பூடும்! நீ தடியத் தூக்கிக்கினு தனியா நிக்கப் போற, போ!”

நகரியில் நாலு பவர்லூம் வைத்திருக்கிறவர் தனசேகர். கோபம் வந்தால் அவர் வாயும் தறி மாதிரிதான். ஸ்விட்ச் போட்டால் போட்டதுதான், நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கும்.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இந்த மொட்டைமலையை ஜல்லியாக உடைக்க ஒரு கிரஷர் கம்பெனி விண்ணப்பம் போட்டிருந்தது. ஃபாரஸ்ட் ஆபீஸர் நளினி மேடம் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். “தனசேகர்காரு, மூணு வருஷமா ஆசைக்கு எண்ணுனீங்க. இந்த சீசன் கணக்கு மட்டும் சுத்தமா இருக்கணும். எவ்ளோ பறவை இந்த மலை மேல போவுதுன்னு காட்டுனாதான் நான் மேல பேச முடியும். இல்லேன்னா வெடி வெச்சிடுவாங்க.”

அதனால்தான் தறியை நிறுத்திவிட்டு, தன் தறியில் நெய்த மஞ்சள் துண்டை வெயிலுக்குத் தலையில் கட்டிக்கொண்டு, புரட்டாசி விரதத்துக்கு வளர்த்த தாடியோடு, விடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதை ஓர் ஆடு கெடுப்பதா?

மறுநாள் செங்கம்மா ஆடு இல்லாமல் வந்தாள். கூட மூன்று பெண்கள். கையில் தேங்காய், வாழைப்பழம்.

“சார், நேத்து இங்க வந்துட்டு வூட்டுக்குப் போறேன், ரொம்ப நாளா காணாமப் போன ஆடு ரெண்டு குட்டியோட வாசல்ல நிக்குது!”

சொல்லிக்கொண்டே கையைக் கூப்பினாள். மற்ற மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தனசேகர் அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கு நேர் மேலே, வெள்ளைக் கழுத்தும் செம்மண் உடம்புமாக ஒரு கருடன் மிதந்துகொண்டிருந்தது.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏழுமலையானின் வாகனம். அதுவும் புரட்டாசி. கேட்கவா வேண்டும்?

“யம்மா, அது உள்ளூர்ப் பறவ. எங்க வேணா பாக்கலாம். எனக்கு எண்ணுற வேல கீது, கெளம்புங்க.”

நால்வரும் நகரவில்லை. எதற்கோ காத்திருப்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சொல்றது காதுல ஏறல? வூட்ல அடுப்பு இல்ல? சட்டி இல்ல? உருப்படாத ஜென்மங்களா, ஓடுங்கடி!”

ஓடினார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்து வந்தவர்கள் ஒரு ஷேர் ஆட்டோ நிறைய. அதற்கடுத்து கார்வேட்டிநகரம் பஸ்ஸில் ஒரு கும்பல். தனசேகர் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, கடைசியில் தகரத்தில் போர்டு எழுதி, வழியில் நட்டார். தமிழிலும் தெலுங்கிலும். ‘காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை யாரும் வரக் கூடாது.’

மறுநாள் வந்து பார்த்தால் போர்டுக்குப் பெரிய சாமந்தி மாலை. அது ‘யாரும் வரக் கூடாது’ என்கிற இடத்தை மறைத்துவிட்டது. மிச்சம் தெரிந்தது நேரம் மட்டும். அதுவரை கண்ட நேரத்தில் வந்துகொண்டிருந்த ஜனம், சரியாக ஒன்பதுக்கு மொத்தமாக வந்து நின்றது.

“ஏமண்டி, சர்வதரிசனம் லைன் எக்கடண்டி?” என்று புத்தலப்பட்டிலிருந்து வந்த ஒருவர் அவரிடமே வரிசைக்கு வழி கேட்டார்.

“எங்கப்பன் தலையில கீது, போய்ப் பாரு!”

அந்த ஆள் பரவசமாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சரி, கயிறு கட்டலாம் என்று தோன்றியது. தறிக்கொட்டகையிலிருந்து நைலான் கயிறு கொண்டுவந்து, கம்பு நட்டு, இதற்கு மேல் யாரும் வரக் கூடாது என்று கட்டினார். இருபது அடி தள்ளி நின்று கும்பிட்டுத் தொலைக்கட்டும்.

அங்கேதான் முனிரத்தினம் வந்து சேர்ந்தார். திருமலையில் சேவைக்குப் போய்ப் பழகிய ஆள். கயிற்றைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது.

“சாமி, கயிறு ஒண்ணு கட்டுனா கூட்டம் முட்டும். வளைச்சி வளைச்சி கட்டணும். லேடீஸ் தனி, வயசானவங்க தனி. க்யூவ என்கிட்ட உடுங்க.”

விரதத்தில் இருக்கிறவர்களை எல்லோரும் சாமி என்று கூப்பிடுவதுதான். தனசேகர் அதற்குக் கோபப்படவில்லை. மீதி எல்லாவற்றுக்கும் கோபப்பட்டார்.

“யோவ், உன்ன யார்யா கூப்டா? மலைமேல க்யூ கட்டுறியா? உன் முட்டி ரெண்டும் ஒடிஞ்சி, ஏறவும் முடியாம எறங்கவும் முடியாம நடுவுல நிப்ப, பாரு!”

முனிரத்தினம் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் மலை ஏறி வந்து, “முட்டி வலி சுத்தமா போயிடுச்சி சாமி” என்று சொல்லிவிட்டுக் கயிறு வளைக்க ஆரம்பித்தார். மலை ஏறினால் முட்டிக்கு நல்லதுதான் என்று தனசேகர் நினைத்துக்கொண்டார்.

வளைந்து வளைந்து மூன்று மடிப்பு க்யூ. வாலில் மோர்க்காரர், பூக்காரி. ஜனம் கொண்டுவந்த எலுமிச்சை சாதம் பாறையெல்லாம் சிதறியது. சாதத்துக்குக் காக்காய் வந்தது. கூட்டம் கூட்டமாக வந்தது. வந்த காக்காய்கள் சாதம் தின்றுவிட்டுச் சும்மா இருக்குமா? தெற்கே போகிற பருந்துகளை எல்லாம் துரத்தித் துரத்திக் கொத்தின. பருந்துகள் மலையைத் தொடாமல் ஒதுங்கி, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போக ஆரம்பித்தன. விரல் மிஷினில் எண் நகரவேயில்லை.

வீட்டில் சுலோசனாவிடம் பொரிந்தார். “நான் உசுர உட்டு எண்ணிக்கினு கீறேன், இதுங்க கருடன் கருடன்னு வந்து கெடுக்குதுங்க!”

“கத்தாம, நல்ல விதமா சொல்லிப் பாரேன்.”

“நல்ல விதமாவா? இதுங்களுக்கா?”

இருட்டு பிரியும் முன்பே போய், இன்னொரு பாறைக்கு இடத்தை மாற்றினார். ஒன்பதடித்ததும் க்யூ நெளிந்து நெளிந்து அந்தப் பாறைக்கே வந்தது. முனிரத்தினம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஏன்யா இங்கயும் வந்தீங்க?”

“நீங்க எங்க உக்காருறீங்களோ அங்கதான சாமி நல்லா தெரியும்.”

அதுவும் நியாயம்தான். பறவை பார்க்க நல்ல இடமாகப் பார்த்துத்தான் அவர் உட்காருவார்.

அன்றைக்கென்று கிரஷர் கம்பெனி சூப்பர்வைசர் ஹேமநாத், கையில் டேப்பும் சிவப்புப் பெயிண்ட்டுமாக வந்தான். பாறையில் அடையாளம் போட வேண்டுமாம். தனசேகருக்கு அத்தனை நாள் சேர்த்துவைத்திருந்த கோபம் ஒரே இடத்தில் போய் இறங்கியது.

“வாடா, வா! பாறைக்குப் பொட்டு வெக்க வந்தியா?”

“சார், நான் வெறும் சம்பளத்துக்கு…”

“சம்பளமா? உனக்கு ஜென்மத்துக்கும் ஒரு வேல நெலைக்காது! போற எடமெல்லாம் கதவ சாத்துவான்! உன் கிரஷர் பெல்ட்டு அறுந்து, லாரி பஞ்சராயி, உன் மொதலாளி ராத்திரில தூக்கம் இல்லாம எழுந்து குந்துவான்! இந்த மலைல ஒரு கல்ல தொட்டுப் பாரு, நீ ஆயுசு பூரா ஜல்லிதான் துன்னணும்!”

க்யூ முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எல்லோரும் கையைக் கூப்பியிருந்தார்கள்.

“குடுத்து வெச்ச புள்ள” என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

எதற்கு என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. மேலே ஒரு ராஜாளி போய்க்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டு காக்காய்கள் அதன் பின்னால்.

கடைசிச் சனிக்கிழமை நளினி மேடம் வரும் நாள். அடிவாரத்தில் வேனும் பஸ்ஸும் நிறுத்த இடமில்லை. உச்சியில் காக்காய், கற்பூரப் புகை, கோவிந்தா கோஷம். தனசேகர் பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டு, தாடியைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடம் மூச்சு வாங்க ஏறி வந்தார். “எவ்ளோ தனசேகர்காரு?”

தனசேகர் விரலை நீட்டிக் காட்டினார். காலையிலிருந்து சைபர்.

“நான் இன்னா பண்ணுவேன் மேடம்? இந்த பாழாப்போன ஜனம் எண்ண உடல. அவ்ளோதான், முடிஞ்சி போச்சி. மலைய உட்டுடலாம். உடைச்சி ரோட்டுக்குக் கொட்டட்டும். என் மூணு வருஷத்தையும் சேத்துக் கொட்டட்டும்!”

“உங்களுக்கு விஷயம் தெரியாதா?” என்றார் மேடம். “கிரஷர்காரங்க விண்ணப்பத்த வாபஸ் வாங்கிட்டாங்க. நேத்து வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“வாபஸா? ஏன்?”

“காரணம் சொல்லல. அந்த மலை மட்டும் வேண்டாம்னாங்க. நீங்க முன்னாடி அனுப்புன கணக்கையெல்லாம் யாரோ படிச்சிருக்காங்க போல.”

தனசேகருக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று வருஷம். முதுகு தோலுரிய உட்கார்ந்தது வீண் போகவில்லை. உலகத்தில் எங்கோ ஒரு ஆபீஸில் யாரோ ஒருவன் பூனைப்பருந்தைப் பற்றிப் படித்திருக்கிறான். பல வாரங்களாக அடைத்துக்கொண்டிருந்த கோபம் மொத்தமும் கரைந்து, உடம்பே லேசானது போல இருந்தது.

எழுந்து க்யூவுக்குப் போனார். பாவம், இந்த ஜனத்தையா இத்தனை நாள் பேசினோம்?

வரிசையில் முதலில் நின்றது பொன்னியம்மாள் என்கிற வயசான அம்மா. கையில் வாழைப்பழத் தாம்பாளம். தனசேகர் அவள் கையை மெல்லப் பிடித்தார்.

“வாம்மா. கால் வலிக்குதா? இப்டி குந்து. அதோ பாரு, உன் கருடன். அவசரமில்ல, எவ்ளோ நேரம் வேணாலும் நின்னு பாரு தாயி.”

க்யூ முழுக்க ஒரு சலசலப்பு. முனிரத்தினத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. பொன்னியம்மாளின் உதடு துடித்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“கருடன் எங்க பங்காருபாளையத்துல மாந்தோப்பு மேலயே சுத்துது சாமி, அதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்? அந்த கிரஷர் புள்ளய வேலயே நெலைக்காதுன்னு திட்டுனீங்க, அவனுக்கு கவர்மெண்ட் வேல வந்துடுச்சி, அவன் மொதலாளி சாமி குந்துற மலைல வெடி வெக்க மாட்டேன்னு ஓடியே பூட்டான். எம் புள்ளைக்கும் ஜென்மத்துக்கும் கல்யாணம் ஆவாதுன்னு வாய் நெறைய ஒரு வார்த்த திட்டி அனுப்புங்க சாமி!”