முப்பத்துநாலு தப்படி

திருட்டுத்தனமாக இழுத்தாலும் சட்டப்படிதான் இழுப்பது என்று கௌக்கோ வீராப்பாக முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் காட்டுக் கழிப்பறை. உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, பையிலிருந்து வேப் என்கிற மின்சிகரெட்டை எடுத்து வாயருகே கொண்டுபோன நேரத்தில் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது. "கழிப்பறைக்குள் வேப் இழுக்கக் கூடாது. அடுத்து வருகிறவரும் மூச்சு விட வேண்டும்." எழுதியவர் அவரேதான். கீழே அவர் கையெழுத்து, ஊர் நடையாளர் சங்கத்தின் முத்திரை வேறு. தன் கையெழுத்தைத் தானே மீறும் அளவுக்கு மனிதர் இன்னும் கெட்டுப்போகவில்லை. வேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

ஏரிக்கரையில், பைன் மரங்களுக்கு நடுவே மூன்று பக்கம் பலகை அடைத்து முன்பக்கம் திறந்து கிடக்கும் லாவு என்ற குடிலுக்குக் கௌக்கோதான் பராமரிப்பாளர். யார் வேண்டுமானாலும் வந்து தங்கலாம், விறகு எரிக்கலாம், போகும்போது அங்கே கிடக்கும் நோட்டில் நாலு வரி எழுதலாம். ரயில்வே சிக்னலில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் கௌக்கோ. கொடியும் விளக்கும் இல்லாமல் அவருக்குக் கை அரித்தது. போன வருஷம் வேப் ஆசாமிகள் வரத் தொடங்கியதும், உட்கார்ந்து ஒரே மூச்சில் பதினொரு விதி எழுதினார். லாவிலிருந்து முப்பது தப்படி தள்ளி நில். காற்றின் போக்கைப் பார். பாசி மேல் நிற்காதே, வெறும் பாறையில் நில். காட்டுத்தீ எச்சரிக்கை இருந்தால் தொடவே தொடாதே. வேப்பின் காலிக் குப்பியை நெருப்பில் போடாதே, டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போ. இப்படியே போகும். அப்போது அவர் பையிலேயே ஒரு வேப் இருந்தது என்பது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை.

குளிர்காலத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமலா அது? ஜன்னல் கண்ணாடி அதிரும். மே தினத்தன்று மனைவி ஐலா ஒப்பந்தம் போட்டாள். ஆகஸ்ட் முடியும்வரை வேப்பைத் தொடாமல் இருந்தால் படகுக்கு மோட்டார் வாங்கிக்கொள்ளலாம். தொட்டால் இலையுதிர்காலம் முழுக்க, புதன்கிழமைதோறும் ஊர் மன்றத்தில் டாங்கோ நடன வகுப்பு. ஜோடியாக.

கௌக்கோவுக்கு டாங்கோ என்றால் குலை நடுங்கும். கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவை ஆடினார். மூன்றாவது சுற்றில் பாதிரியாரின் காலை மிதித்தார். பாவம், அந்தப் பாதிரியார் ஆடவே இல்லை, ஓரமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நாற்பது வருஷமாகக் கௌக்கோ சுவரோரம்தான்.

பதினொரு நாள் தாக்குப்பிடித்தார். பன்னிரண்டாம் நாள் படகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று மறுபடி இழுத்துவிட்டார். வாடை தெரியாமலிருக்க உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாயாக மென்று தள்ளினார். கறுத்துப்போன நாக்கோடுதான் ஜூலை பிறந்தது. கொட்டகையில் நிம்மதியாக இழுக்க முடியவில்லை. அதனால்தான் இந்த யோசனை.

"சனிக்கிழமை லாவுக்குப் போய்த் தங்கலாம்னு இருக்கேன். பறவை பார்க்கணும்."

"உனக்குப் பறவையில என்ன தெரியும்?"

"தெரியாததாலதானே பார்க்கப் போறேன்."

"அதுவும் சரிதான். நானும் வர்றேன். புளூபெரி பழுத்திருக்கும்."

"கொசு பிடுங்கி எடுத்துடும் ஐலா!"

"நாற்பது வருஷமா நீ பிடுங்காததா? போய்ப் படுக்கைப்பையை எடுத்து வை, கிழவா."

ஆகவே இருவருமாக வந்து சேர்ந்தார்கள். கழிப்பறையில் ஞானோதயம் பெற்றுத் திரும்பிய கௌக்கோ, நெருப்பில் தொத்திறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்த ஐலாவைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"விறகு எவ்வளவு இருக்குன்னு ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்."

கைபேசியில் பார்த்தார். தீ எச்சரிக்கை இல்லை. விரலை நனைத்துத் தூக்கினார். வடமேற்குக் காற்று. லாவின் மூலையிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தார். விதிப்படி முப்பது. மனசாட்சிக்கு ஒரு நாலு கூடுதல். பாறை மேல் ஏறி நின்று ஓர் இழுப்பு இழுத்தார் பாருங்கள், அப்பாடா! இரண்டு மாதத்தில் இப்படிக் குற்ற உணர்ச்சியே இல்லாமல் அவர் இழுத்ததில்லை. அத்தனை விதியும் கூடவே நின்று முதுகைத் தட்டிக்கொடுத்ததுபோல இருந்தது.

திரும்பி வந்ததும் ஐலா கேட்டாள். "எத்தனை கட்டு இருக்கு?"

"ஒன்பது."

கால் மணி நேரம் கழித்து மறுபடி போனார்.

"இப்ப எத்தனை?"

"பன்னிரண்டு."

"அடேயப்பா! குட்டி போடுதா?"

அசடு வழிந்தார். மூன்றாவது தடவை அறிவிப்புப் பலகை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போனார். நாலாவது தடவை அது நேராகத்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளப் போனார். நடுவில் பெரிய முதுகுப்பை சுமந்த ஓர் இளைஞன் வந்து, ஐலா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, நோட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போனான். ஐலா குனிந்து புளூபெரி பறித்துக்கொண்டிருந்தாள். கௌக்கோவுக்கு மனசுக்குள் ஒரே கும்மாளம். இந்த மனுஷி பழம் பறிக்கிற மும்முரத்தில் எதையும் கவனிக்கவில்லை!

ஞாயிறு காலை காபிக் கோப்பையோடு நோட்டைத் திறந்தார். பராமரிப்பாளராயிற்றே, யார் என்ன எழுதினாலும் படித்துப் பதில் போடுவது அவர் வழக்கம். இளைஞன் எழுதிய நன்றிக்குக் கீழே, கோணல்மாணலாக இன்னொரு குறிப்பு இருந்தது. பெயரில்லை.

"சனிக்கிழமை மதியம் ஒரு ஆள் லாவுக்குப் பக்கத்திலேயே நின்று வேப் இழுத்தார். புகை முழுக்க உள்ளே வந்தது. பாசியை மிதித்து நாசம் செய்தார். காலிக் குப்பியை நெருப்புக் குழியில் வீசினார். இங்கே பராமரிப்பாளர் என்று ஒருவர் இருக்கிறாரா, தூங்குகிறாரா?"

கௌக்கோவின் காது மடல் சிவந்தது. பொய்! அப்பட்டமான பொய்! பக்கத்திலா? பாசியா? நெருப்புக் குழியிலா? அந்த முதுகுப்பைப் பயல்தான் போகிற போக்கில் பெயரை மறைத்து எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அவன் குடித்த காபியை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

பேசாமல் நோட்டை மூடிவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. மூடியும் விட்டார். மூடிய நோட்டுக்குள் அந்தப் பொய் உட்கார்ந்து இளித்துக்கொண்டிருந்தது. அடுத்து வருகிறவன் படிப்பான், அதற்கடுத்தவனும் படிப்பான். கௌக்கோவின் லாவில் விதி செத்துவிட்டது என்று ஏரிக்கரை முழுக்கப் பேசுவார்கள். இன்னொருத்தருக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? பென்சிலை எடுத்தார்.

"மேற்படி புகார் உண்மைக்குப் புறம்பானது. சம்பந்தப்பட்டவர் லாவின் மூலையிலிருந்து முப்பத்துநாலு தப்படி தள்ளி நின்றார். காற்று வடமேற்கு, ஆவி ஏரிப் பக்கம் போனது. நின்றது வெறும் பாறை. தீ எச்சரிக்கை இல்லை என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொண்டார். குப்பியைத் தகர டப்பாவில் போட்டு இடது பக்கப் பையில் வைத்துக்கொண்டார். நான்கு தடவையும் எந்த விதியும் மீறப்படவில்லை. கௌக்கோ, பராமரிப்பாளர்."

முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தார். மனசு நிறைந்துவிட்டது.

"என்ன எழுதறே இவ்வளவு நேரமா?" பழவாளியோடு வந்த ஐலா நோட்டை வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு அவருடைய ஜாக்கெட்டின் இடது பக்கப் பையை வெளியிலிருந்து விரலால் தட்டினாள். டங்கென்று தகரம் பேசியது.

கௌக்கோ வாயைத் திறந்தார். கறுத்த நாக்கு மட்டும் தெரிந்தது.

"அந்தப் பயல்..."

"அந்தப் புள்ளையைச் சொல்லாதே, தங்கமான பையன். நீ நாலாவது தடவை பலகையைப் பார்க்கப் போனப்ப நான்தான் எழுதினேன். இடது கையால."

"பார்த்துட்டியா?"

"எங்கே பார்த்தேன்? பழம் பறிக்கவே நேரம் சரியா இருந்துச்சு."

"சந்தேகம்னா நேரா கேட்டிருக்கலாமே, ஐலா!"

"கேட்டா இல்லைம்பே. ஜூன் மாசம் மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் இல்லைன்னே. உன்னைத் திருடன்னு சொன்னா நீ தலையைக் குனிஞ்சுக்குவே. விதியை ஒழுங்காப் பின்பற்றாத திருடன்னு சொன்னாத்தான் உனக்குப் பொத்துக்கிட்டு வரும்."

கௌக்கோ எழுந்து நின்றார். சிக்னல்காரர் புத்தி கடைசி நிமிஷத்தில் கைகொடுத்தது. "பத்தாவது விதி! பெயர் போடாத புகார் செல்லாது! பலகையில எழுதியிருக்கு, போய்ப் பாரு!"

"செல்லாத புகாருக்கு நீ எதுக்குக் கையெழுத்துப் போட்டுப் பதில் எழுதினே?"

உட்கார்ந்துவிட்டார். ஐலாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

"மார்ச் மாசம் பூரா நீ தூங்கறப்ப நான் தூங்கல, கௌக்கோ. மூச்சு வருதா வருதான்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமா இருந்துச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

இதற்குக் கௌக்கோவிடம் விதி இல்லை. தகர டப்பாவையும் வேப்பையும் எடுத்து அவள் பழவாளிக்குள் வைத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளும் பிடித்துக்கொண்டாள், ஆனால் இன்னொரு கையால் பென்சிலைத் தேடினாள்.

"அதான் எல்லாம் முடிஞ்சுதே, இன்னும் என்ன?"

"நோட்டுல எழுதற புகாரை முடிச்சு வைக்கணும். உன் பதினொன்றாவது விதி."

இந்தத் தடவை வலது கையால், அழகாக, பெயர் போட்டு எழுதினாள்: "பராமரிப்பாளரின் விளக்கம் திருப்தி அளிக்கிறது. செப்டம்பரிலிருந்து புதன்கிழமை மாலைகளில் அவர் கிடைக்கமாட்டார். பார்க்க விரும்புகிறவர்கள் ஊர் மன்றத்துக்கு வரலாம், அனுமதி இலவசம். ஐலா."