அஞ்சலைக்கு வாங்கப் போன சீட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்கள். நாலு பேர் எதிரில் பேசவும் கூச்சம். நடந்ததிலும் பாதி மறந்துபோச்சு. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெற்ற பிள்ளையை மக்கு என்று திட்டுவதில் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் பெருமை போன கதைதான் இது.

என் மகள் அஞ்சலை அப்போது மூணாவது. உப்பு, புளி, சீயக்காய் என்று சொல்லிக் கடைக்கு அனுப்பினால் சீயக்காய் மட்டும் வரும். பள்ளிக்கூடத்தில் பலகையைப் பார்த்துவிட்டுச் சிலேட்டுக்குக் குனிவதற்குள் கணக்கு காணாமல் போய்விடும். அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம், உச்சந்தலையில் குட்டுவது. (மரக்காலைத் தட்டினால் நெல் அமுங்கி இன்னும் ஒரு பிடி கொள்ளுமே, அந்தக் கணக்கு.)

ஒரு நாள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். கதவோரம் நின்றேன்.

"இந்தாம்மா, கள்ளக்குறிச்சில டாக்டரு வந்து புள்ளைங்களப் பாக்கறாங்களாம். இவளக் கூட்டிக்கினு போயி சீட்டு வாங்கிக்கினு வா. அதப் பாத்துட்டுதான் இவள வெச்சுக்கறதா, பேர அடிக்கறதான்னு சொல்வேன்."

என்ன சீட்டு, எதற்குச் சீட்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்னாவது? "செரிங்க" என்று தலையாட்டிவிட்டு வந்து, இது ஒரு பரீட்சை, பாஸானால் பள்ளிக்கூடம், பெயிலானால் ஆடு மேய்க்கணும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். புறப்பட்ட அன்று தியாகதுருகம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. புத்தியுள்ளவர்கள் வீட்டில் இருந்தார்கள். நாங்கள் நடந்தோம். ஒவ்வொரு மரத்தையும் ஏறித் தாண்டும்போது ஒரு பாடம்.

"சொல்லுடி, வாரத்துல எத்தினி நாளு? சூரியன் எந்தப் பக்கம் மொளைக்கும்?"

மறியலில் உட்கார்ந்திருந்த ஒருவர், "இன்னாக்கா, புள்ளைய கலெக்டராக்கப் போறியா? மொதல்ல தண்ணி குடு" என்றார். முறைத்தேன். (தண்ணீரே எடுத்துவரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.)

முகாமில் வரிசையாகக் காலி நாற்காலிகள். நடுவில் ஒரு டாக்டரம்மா. இங்கே முகாமை முடித்துக் கல்வராயன் மலைக்குப் போக இருந்தவர், வழியில்லாமல் கள்ளக்குறிச்சியிலேயே மாட்டிக்கொண்டாராம். அன்றைக்கு வந்த ஒரே கிராக்கி நாங்கள்தான்.

அவர் கேட்டதெல்லாம் நான் உருப்போட வைத்தது! பேர், ஊர், கிழமை, சூரியன். அஞ்சலை படபடவென்று ஒப்பித்தாள். தயங்கிய இடங்களில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நான் எடுத்துக்கொடுத்தேன்.

"நல்லாத்தானே சொல்றா" என்று டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். "கஷ்டம் ஒண்ணும் இல்லைன்னு எழுதிடறேன்."

"அப்ப பள்ளிக்கூடத்துல வெச்சுப்பாங்களாங்க?"

"அது எப்படிம்மா? கேட்டதை மனசுல நிறுத்திவெச்சுக்க இந்தப் பொண்ணு கஷ்டப்படறான்னு நான் எழுதினாத்தானே வாத்தியார் பொறுத்துச் சொல்லிக்குடுப்பார்? ஒண்ணும் இல்லைன்னா, வேணும்னே படிக்கலைன்னு பேரை அடிச்சுடுவார்."

அத்தனை மரம் தாண்டி வந்து, என் பிள்ளையின் பேரை அடிக்க நானே பேனாவில் மை ஊற்றியிருக்கிறேன்.

அதுவரை வெளியார் யாரிடமும் உரக்கப் பேசாதவள் கத்தினேன். "எழுதாதீங்கம்மா! எல்லாம் நான் சொல்லிக்குடுத்தது! இவளுக்கு ஒண்ணுமே நிக்காதும்மா, சத்தியமா! இதோ பாருங்க. ஏ அஞ்சல, அந்த ஜன்னல சாத்து, சொம்புல தண்ணி மொண்டா, அப்பறம் இந்த நாற்காலிய ஓரமா போடு!"

அஞ்சலை ஜன்னலைச் சாத்தினாள். நின்றாள். திரும்பினாள். "அப்பறம் இன்னாம்மா சொன்ன?"

"பாத்தீங்களா!" என்றேன், ஜெயித்துவிட்ட மாதிரி.

"பாத்தேன். அப்புறம் என்ன? நீங்களே சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். "நாற்காலி..." என்றேன். அதற்கு முன்னால் என்ன? அங்கே ஒரே இருட்டு. "நாற்காலிய... சாத்தி..."

அஞ்சலை டாக்டரம்மாவைப் பார்த்து, "எங்கம்மாவுக்கும் நிக்காதுங்களா?" என்று கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் உச்சந்தலை வலிக்கிறது.

அப்புறம்தான் நிஜமான சோதனை. எண்களைச் சொல்லி, பின்னாலிருந்து முன்னாலே சொல்லச் சொன்னார். இரண்டு பேருக்கும் வைத்தார். அஞ்சலை மூன்று எண்ணோடு நின்றாள். நான் அதற்கு முன்னாலேயே தண்ணீர் கேட்டேன்.

சீட்டில் இப்படி எழுதினார்: "இக்குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லவும். தலையில் குட்டக் கூடாது. தாய்க்கும் இதே."

ஹெட்மாஸ்டர் அதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். பேரை அடிக்கவில்லை.

அஞ்சலை பத்தாவதை இரண்டு தரம் எழுதித் தேறினாள். இப்போது சின்னசேலத்தில் தையல்கடை வைத்திருக்கிறாள். அளவு சொல்லச் சொல்லத் துணியிலேயே சாக்பீஸால் எழுதிக்கொள்வாள். என்னிடம் யாராவது இரண்டு வேலையைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும், மாப்பிள்ளை முதல் பேரப்பிள்ளை வரை மொத்த வீடும் "தாய்க்கும் இதே!" என்று கூவும்.

அது மறியலின் முதல் நாளா, மறுநாளா, சீட்டு நீல மையா, பச்சை மையா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. அந்தச் சமயம் அந்தச் சாலையில் நடந்தவர்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.