மூன்று தரம்தான் அடிக்கும்

மூன்று தரம்தான் அடிக்கும். நாலாவது தரம் அடிக்காது. முதல் அடியிலேயே எடுத்துவிட வேண்டும்.

ஜெயமலர் இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே புட்டுக்கு மா குழைத்தாள். மாப்பாத்திரத்துக்குப் பக்கத்தில் வீட்டுத் தொலைபேசியின் கம்பியில்லாக் கைபிடி இருந்தது. அரை நிமிடத்துக்கு ஒரு தரம் அதைப் பார்த்தாள்.

தங்கை கமலாம்பிகை ஊரில், செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தாள். சண்டை முடிந்து மூன்று மாதம். முகாமில் யாரோ ஒருவரிடம் ஒளித்து வைத்த செல்போன் ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் அதற்கு ஒரு வரிசை. மூன்று தரம் அடித்தும் எடுக்காவிட்டால் அடுத்தவரின் முறை. போன சனி ஜெயமலர் குளியலறையில் இருந்தாள். ஈரக்காலோடு ஓடிவந்து எடுத்தபோது வெறும் இரைச்சல்தான். ஒரு கிழமை முழுவதும் அந்த இரைச்சல் அவள் காதுக்குள்ளேயே இருந்தது.

"மலர், சத்தம் வரேல்லை," என்றார் கணவர் குலசிங்கம் ஹோலில் இருந்து.

வராமலே இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்த உடனேயே அதற்காகக் கவலைப்பட்டாள்.

ரிவிப் பெட்டிக்கு முன்னால் அவர் முழங்காலில் நின்றார். நேற்று வாங்கி வந்த சவுண்ட்பார் ஒலிபெருக்கி, ஒரு முழு வாழைக்குலையின் நீளத்தில், ரிவிக்குக் கீழே படுத்திருந்தது. கடையில் காட்சிக்கு வைத்திருந்தது, அதனால் பாதி விலை. விளக்கப் புத்தகம் மட்டும் இல்லை. ஏப்ரல் மாதம் முழுவதும் சண்டையை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோத் தெருக்களில் நின்று தொண்டை கட்டக் கத்திய மனிதர், மே மாதத்துக்குப் பிறகு கறியில் உப்புக் குறைந்தாலும் சொல்வதில்லை. ரிவியையும் போடுவதில்லை. மூன்று மாதத்தில் அவர் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் பொருள் இது. அதை இன்றைக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அவர் குசினிக்குள் வந்து கைபிடியை எடுத்தார். கூட்டாளி தில்லையம்பலத்தைக் கேட்டால் தெரியுமாம். ஜெயமலர் மாக்கையோடு அதைப் பறித்தாள். அவருடைய செல்போனை மேல்மாடியில் இருந்து தானே ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தாள். இவள் ஏன் இப்படி ஓடுகிறாள் என்பதுபோல அவர் பார்த்தார். 

தில்லையம்பலம் போனில் சொல்ல மாட்டாராம், நேரே வருகிறாராம். மில்லிக்கனில் இருந்து பத்தே நிமிடத்தில் வந்துவிட்டார். கார்ப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஆனால் ஒரு காலத்தில் தன் வீட்டுக் கூரையில் தானே டிஷ் பூட்டினவர் என்பதால், தெரிந்தவர்கள் வீட்டிலெல்லாம் அவர்தான் ரிவி டொக்டர்.

டொக்டர் நோயாளியைச் சுற்றி வந்தார்.

"கரண்ட் காணாது, மச்சான். இந்த வயரை நேரே சுவரிலை குடுக்க வேணும்."

சுவரில் இருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கினார். ஜெயமலரின் பக்கத்தில் இருந்த கைபிடி கீச்சென்றது. லைன் இல்லை. அவர் பிடுங்கியது தொலைபேசியின் உயிரை. அவள் போய் அதைத் திரும்பச் செருகினாள். சாமிப்படத்துக்கு முன்னால் எரிந்த மின்விளக்கைக் கழற்றி, அந்த இடத்தை சவுண்ட்பாருக்குக் கொடுத்தாள். சாமி கொஞ்ச நேரம் இருட்டில் இருந்தால் கோவிக்காது.

அப்போதும் சத்தம் வரவில்லை. தில்லையம்பலம் தரையில் படுத்து, ஒரு வயரை ஒரு துளையில் இருந்து இழுத்து அடுத்த துளையில் செருகினார்.

வீடு அதிர்ந்தது.

கடைக்காரர்கள் விளம்பரத்துக்காக அதைக் கடைசி எல்லை வரை கூட்டி வைத்திருக்க வேண்டும். கிழமை முழுவதும் போன நாடகத்தைச் சேர்த்துப் போடும் நேரம் அது. யாரோ ஒரு மாமியார் அழுதாள். சோக்கேசுக்குள் இருந்த கிளாசுகள் எல்லாம் அவளோடு சேர்ந்து அழுதன.

குலசிங்கம் சிரித்தார். வாய் திறந்து, கடைவாய்ப் பல் தெரிய.

ஜெயமலர் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தச் சத்தத்துக்குள் முப்பது தரம் அடித்தாலும் கேட்காது. ஆனால் இந்தச் சிரிப்பை நான் எந்தக் கையால் நிப்பாட்டுவேன்? கைபிடியைக் கொண்டுவந்து ஹோல் மேசையில், கண்ணுக்கு நேரே வைத்தாள். காது உதவாவிட்டால் கண்ணாவது உதவட்டும். அடிக்கும்போது அதில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும்.

பிறகு, கொஞ்சம் குறைத்தால் நல்லது என்று சைகையில் சொன்னாள்.

குலசிங்கம் சவுண்ட்பாரின் ரிமோட்டை அமத்தினார். குறையவில்லை. தில்லையம்பலம் வாங்கி அமத்தினார். இருவருமாக எட்ட நின்றும் கிட்ட நின்றும் அமத்தினார்கள். ரிமோட்டின் பற்றரி செத்துப்போச்சு என்று முடிவாயிற்று. வீட்டில் வேறு பற்றரி இல்லை. குலசிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். மேசையில் இருந்த கைபிடியை எடுத்து, அதன் முதுகைத் திறந்தார். அதே அளவில் இரண்டு பற்றரிகள்.

ஜெயமலர் அவருடைய கையைப் பிடித்தாள்.

"அதிலை தொடாதேங்கோ."

அவள் சத்தம் போடவில்லை. அந்த இரைச்சலிலும் அவருக்கு அது கேட்டது. அவளுடைய முகத்தைப் பார்த்தார், கைபிடியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கமலம் கோல் எடுக்கிற நாளெல்லே," என்றார்.

சிரிப்பு போய்விட்டது. அவள் பயந்தது இதற்குத்தான். மூடியை அவர் திரும்ப மூடினார். மூடிய கையோடு சிவப்பு விளக்கு மின்னியது.

ஜெயமலர் பறித்துக் காதில் வைத்தாள். மாமியாரின் அழுகை மட்டும்தான் கேட்டது. மற்றக் காதை விரலால் பொத்தினாள். "பிள்ளை, வைச்சிடாதை, வைச்சிடாதை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். குலசிங்கம் சோபாக் குசனைக் கொண்டு சவுண்ட்பாரின் ஒரு பக்கத்தை அமத்தினார். தில்லையம்பலம் இன்னொரு குசனால் மற்றப் பக்கத்தை மூடினார். ரிவியையே நிப்பாட்டலாம் என்பது மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு பக்கமும் மூடியபோதுதான் நடுப்பக்கம் அவள் கண்ணில் பட்டது. நேற்று அது வீட்டுக்குள் வந்ததும், காருக்கும் சோற்றுக் குக்கருக்கும் செய்ததைப் போலவே, அதற்கும் அவள் சந்தனம் வைத்திருந்தாள். நெற்றி எது என்று தேடியபோது, நட்டநடுவே கறுப்புக் கண்ணாடியாக வட்டமாக ஓர் இடம் பொட்டுக்காகவே காத்திருந்ததுபோலத் தெரிந்தது. ரிமோட்டின் ஒளி போய்ச் சேர வேண்டிய கண் அது. சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது.

குனிந்து பெருவிரலால் அதைச் சுரண்டினாள். குலசிங்கம் ரிமோட்டை நீட்டி அமத்தினார். மாமியார் மெல்ல மெல்ல அடங்கி முணுமுணுப்பானாள்.

"கமலம், நான்தான், அக்கா. கேக்குதே?"

 மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் பல பெண்களின் குரல்கள். ஜெயமலர் கைபிடியைக் காதோடு அமத்தினாள். முறை போய்விட்டதா?

"ஏனக்கா குறைச்சனீங்கள்?" என்றாள் கமலாம்பிகை. "உது அந்த மூத்த மருமகளின்ரை நாடகமெல்லே? நான் கிளிநொச்சியிலை பாதி பாத்தபடி விட்டுட்டு வந்த கதை. மருமகளை வீட்டாலை கலைச்சவை, அவள் திரும்பிப் போனவளோ? எனக்குப் பின்னாலை நிக்கிற ரெண்டு பேர் தங்கட முறையையும் எனக்குத் தாறமெண்டுகினம். சத்தத்தைக் கூட்டச் சொல்லுங்கோ."

குலசிங்கம் பக்கத்தில் வந்து, குற்றம் செய்தவரைப்போல ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரிவியை முழுக்க நிப்பாட்டி விடட்டே, மலர்?"

"வேண்டாம்," என்றாள் ஜெயமலர், கைபிடியை சவுண்ட்பாருக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தபடி.