மஞ்சள் அங்கிக்குள் நான் பேசிய பேச்சு

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஓகாவரா செய்ஜி அவர்களுக்கு,

பிளம் பழுக்கும் காலத்து மழை இங்கே இன்னும் விட்டபாடில்லை. தங்கள் முழங்கால் வலி தேவலையா? தங்கள் தங்கை கினுயே நலம். நான் நலமா என்பதை இக்கடிதத்தைப் படித்துவிட்டுத் தாங்களே சொல்லுங்கள்.

ஊற்றோடு சேர்த்து என் குன்றைக் கல்குவாரிக்காரருக்கு விற்கப் போகிறேன் என்று எழுதியதற்கு, பதில் போடாமல் அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தை அனுப்பினீர்களே, அதற்கு என் மனமார்ந்த நன்றி. கோபத்தில் அதைப் பிரிக்கவேயில்லை. குவாரிக்கு ஊர்ச் சம்மதம் கேட்கும் கூட்டத்தன்று ஒரே புழுக்கம், விசிறிக்கொள்ளத்தான் எடுத்துப் போனேன். எங்கள் ஊர் வழக்கம் தெரியுமே, எதை முடிவு செய்வதானாலும் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மஞ்சள் அங்கி மாட்டிவிடுவார்கள், மாட்டியவர் அறுபது வருஷம் கழித்து இங்கே வாழப் போகிறவராகத்தான் பேச வேண்டும். சீட்டு எனக்கே விழுந்தது! "விக்கிறவனே நான்தான், எனக்கு எதுக்கும்மா இது?" என்றேன். "சீட்டு விழுந்தா விழுந்ததுதான். சும்மா கைய நீட்டுங்கண்ணே" என்று ஊர்த் தலைவி மொரிவாகி மாட்டிவிட்டார்.

பேச்சு வராமல் புத்தகத்தைப் பிரித்தால், தாங்கள் சிவப்புக் கோடு போட்ட இடம். அடிப்படை உரிமைகள் இன்றைய மக்களுக்கும் வருங்கால மக்களுக்கும் சேர்த்தே தரப்பட்டவை என்கிறது. உரக்கப் படித்தேன், பிறகு என்ன ஆயிற்றோ, "நான் இன்னும் பொறக்கவேயில்ல, அதுக்குள்ள என் ஊத்துக்கு வெடி வைக்கிறீங்களே, யாரக் கேட்டீங்க?" என்று கத்திவிட்டேன். அந்த ஊற்றுத் தண்ணீரில் டோஃபு செய்கிற ஹிராயாமா, "யாரு வெடி வைக்கிறது?" என்று எடுத்துக் கொடுத்தார். "தத்சுவோன்னு ஒரு கெழவன். ஒழுகுற கூரைய மாத்தக் காசு வேணுமாம், பேராசைக்காரன்!" என்று என்னையே திட்டினேன். பின்வரிசையில் கினுயே கை தட்டினாள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் எனக்காக அவள் தட்டிய முதல் கை அது.

வேண்டாம் என்ற பக்கம் கையைத் தூக்கிவிட்டு, திரும்பும் வழியில் ஊற்றில் இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். கண் கலங்கிவிட்டது மச்சான். எல்லாம் தங்கள் புண்ணியம்.

தங்களுக்கும் தங்கள் துணைவி ஷிசுகோ அம்மாளுக்கும் இந்தக் கோடை உடம்பை வாட்டாமல் கழியட்டும்.

என்றும் நன்றி மறவாத,
கவகிதா தத்சுவோ

பி.கு.: உறையை ஒட்டும்போது தலைவியிடமிருந்து போன். அங்கியோடு நான் போட்ட ஓட்டு பிறக்காதவர்கள் பங்கில் சேர்ந்ததாம், அங்கி மாட்டிய மற்றவர்கள் தங்கள் பெயரிலும் ஒரு ஓட்டுப் போட்டுவிட்டார்களாம், இன்றைய தத்சுவோவின் ஓட்டு மட்டும் பாக்கியாம், வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு பக்கமும் இப்போது சரிசமமாம். "வெள்ளிக்கிழமை அங்கி இல்லாம, நீங்களா வாங்கண்ணே" என்கிறார். கூரையோ நேற்றும் படுக்கை மேலேயே ஒழுகியது. ஷிசுகோ அம்மாளிடம் சொல்லி மஞ்சள் துணியில், சட்டைக்குள்ளே போட்டுக்கொள்கிற மாதிரி மெல்லிசாக ஒன்று தைத்து வியாழனுக்குள் அனுப்புங்கள். என்னை எனக்குத் தெரியும்.