மாமியின் தனிப் படலை

வேலி அடைத்த முதல் நாளே குலசிங்கத்துக்கு மத்தியானச் சோறு கிடைக்கவில்லை.

தான் மனேச்சராயிருந்த கூட்டுறவுச் சங்கக்கடையைப் பூட்டிவிட்டுச் சரவணைக் கிராமத்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவன், கை கழுவி, கதிரையை இழுத்துப் போட்டு, வழக்கம்போல "சோறு!" என்று காற்றைப் பார்த்துச் சொன்னான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படிச் சொன்னால் சோறு வரும். எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கிற தேவை அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"சோறு அங்கால இருக்கு," என்று மனைவி சறோஜினிதேவி புத்தம்புதிய வேலியைக் காட்டினாள். அவளும் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்திருந்தாள்.

வேலிக்கு அப்பால் மாமி மீனாம்பிகையின் அடுப்பில் ஓரா மீன் குழம்பு கொதித்தது. மணத்துக்கு வேலி கிடையாது.

"மாமியிட்ட ஒரு கோப்பை வேண்டித் தாருமன்."

"கேட்டனான். சட்டம் விடாதாம்."

சட்டம் வந்த கதை இதுதான். மார்கழிப் புயல் மீனாம்பிகையின் மண்வீட்டுக் கூரையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டிருந்தது. அதே வளவில் அவள் சீதனமாய்க் கொடுத்த ஓட்டு வீட்டில் மகளும் மருமகனும் இருந்தார்கள். கூரை போனபின் அந்த வீட்டுக் குசினியில்தான் அவளுக்குப் படுக்கை. சமைக்கிற இடத்திலேயே படுப்பது அவளுக்கும் வசதிதானே என்று குலசிங்கம் அபிப்பிராயப்பட்டான்.

புயலில் வீடிழந்த வயதானவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கப்போகிறது என்ற செய்தியை ஊர் விதானையார் வீட்டிலிருந்து கொண்டுவந்தது மாமிதான்.

"ஆனால் தம்பி, எங்களுக்கு அது சரிவராது. பிள்ளையளோட ஒரே உலையில சாப்பிடுற கிழடுகளுக்கு ஒரு சதமும் இல்லையாம். தனி அடுப்பு, தனி வேலி, தனிப் படலை இருக்கவேணுமாம். விட்டுத்தள்ளுங்கோ."

குலசிங்கம் விட்டுத்தள்ளவில்லை. ஊர்காவற்றுறைக் கடையொன்றில் பார்த்துவிட்டு வந்த றேடியோ அவன் காதுக்குள் பாடத் தொடங்கியது. கூரைக்கு வளவுப் பனையின் ஓலை சும்மா கிடக்கிறது. வருகிற காசுக்கு வேறென்ன வேலை?

"ஏன் மாமி விடுறது? அடைப்பம் வேலியை!"

"ஐயோ, ஊர் என்ன கதைக்கும்?"

"ஊரை நான் பாத்துக்கொள்ளுறன்."

கதியால் நட்டு, ஓலை கட்டி, மாமிக்கென்று தெருப்பக்கம் ஒரு படலையும் வைத்துக் கொடுத்தான். கூரையில்லாத வீட்டின் ஒரு மூலைக்கு மட்டும் நாலு ஓலையைப் போட்டு, அதற்குள் மாமி குடிபோனாள். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மிக்கல்லையும் உருட்டிக்கொண்டு போனாள்.

சோறு கிடைக்காத அன்று பின்னேரமே குலசிங்கம் வேலியின் அடியில் ஓலையை விலக்கி ஒரு பொட்டு வைத்தான். பொட்டுக்குள்ளால் புட்டு வந்தது. பின்னால் கத்தரிக்காய்க் கறி வந்தது. விடிந்ததும் முன்வீட்டு அப்புத்துரையும் வந்தான்.

"என்ன மனேச்சர், கோழி போகப் பொட்டு வைக்கிறதைப் பாத்திருக்கிறன். கறிச்சட்டி போக வைச்சதை இப்பதான் பாக்கிறன்."

மாமி உடனே பொட்டை அடைத்துவிட்டாள்.

"காசு விசயமாய்ப் பாக்க வாற கந்தோர் ஐயா அயலட்டையை விசாரிப்பாராம் தம்பி. ஒரு அகப்பை குழம்பு வேலி தாண்டினாலும் காசு போச்சு."

சறோஜினிதேவிக்குத் தேத்தண்ணி ஊற்றத் தெரியும். குலசிங்கத்துக்கு அதைக் குடிக்கத் தெரியும். இரண்டு பேருமாய்ப் பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் தின்றார்கள். பிறகு ஒருநாள் குலசிங்கம் சோறு காய்ச்சினான். பானையின் அடி கரி, நடு கஞ்சி, மேல் அரிசி.

"நீரும் பொம்பிளைதானே?" என்றான் மனைவியிடம்.

"ஓம். அதுக்குச் சேட்டிபிக்கற் இருக்கு. சமையலுக்கு இல்லை."

இதற்குள் அப்புத்துரை சந்தியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "சண்டையில்லாமல் தாய்க்கும் மகளுக்கும் நடுவில வேலி எப்பிடி முளைச்சது? எங்கேயோ இடிக்குதே!"

இடிக்காமலிருக்கக் குலசிங்கம் ஒரு சண்டைக்கு ஏற்பாடு செய்தான்.

"எனக்கு அம்மாவோட சண்டை பிடிக்க ஏலாது."

"பிடிக்க வேண்டாம் சறோ. பிடிக்கிற மாதிரிச் சத்தம் போட்டால் காணும்."

ஞாயிற்றுக்கிழமை, ஊர் கோயிலால் திரும்புகிற நேரம் பார்த்து, சறோஜினிதேவி வேலியோரம் நின்று இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிப்பதுபோலச் சொன்னாள்: "அம்மா. நீங்கள் எனக்குச் சீதனம் குறைவாகத் தந்தீர்கள்."

வேலிக்கு அங்கால் அம்மி அரைபட்ட சத்தம் நின்றது. பிறகு வெடித்தது.

"குறைவோ? ஓட்டு வீடு தந்தன். தோட்டக்காணி தந்தன். சம்பளமில்லாத சமையல்காரியாய் என்னையும் எல்லோ தந்தனான்! உன்ர புருசன் ஒருநாளாவது கேட்டவரோ, மாமி நீங்கள் சாப்பிட்டியளோ எண்டு? காய்ச்சலில நான் கிடந்து நடுங்கேக்க, 'ஒரு சம்பலாவது இடிக்க ஏலாதோ' எண்டெல்லோ கேட்டவர்!"

தெருவில் ஊர் வாயைப் பிளந்து நின்றது. குலசிங்கம் பூரித்துப்போய் மனைவியின் காதுக்குள் சொன்னான்: "என்ன நடிப்பு! காய்ச்சல் கதையைக்கூட மறக்காமல் சேத்திட்டா பாரும்!"

சறோஜினிதேவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு அது விளங்கவில்லை.

அடுத்த நாள் சங்கக்கடைக்கு மா வாங்க வந்த பெண்கள் பாஸ்கெட்டைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

"மாமியைப் பட்டினி போட்டவன்ர கையால மா வேண்டி என்ர பிள்ளையளுக்குக் குடுக்கவோ?" என்று ஒருத்தி வாசலில் நின்றே கேட்டாள். பட்டினி கிடப்பது நான்தான் என்று சொல்ல அவன் வாய் துடித்தது. சொன்னால் வேலியின் கதை வெளியில் வரும், காசு போகும். வாயை மூடிக்கொண்டான்.

கந்தோர் ஐயா வருவதற்கு முதல்நாள், புங்குடுதீவிலிருந்து மாமியின் தமையன் கனகசபை பஸ் ஏறி வந்து இறங்கினார். சண்டைச் செய்தி அங்கேயும் போயிருந்தது.

"வேலியைப் பிடுங்கும். மாமியின்ர காலில விழும். விசயத்தை இண்டைக்கே முடிப்பம்."

"விழ ஏலாது," என்றான் குலசிங்கம்.

"ஏனாம்?"

"விழுந்தால் எல்லாம் போயிடும்."

"என்ன போயிடும்?"

குலசிங்கம் யோசித்தான். "மானம்."

கனகசபை குடையால் நிலத்தில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். "உமக்கோ? மானமோ? இனிமேல் எங்கட நல்லது கெட்டதுக்கு நீர் வாசல்படி மிதிக்கப்படாது, சொல்லிப்போட்டன்!"

"விடுங்கோ அண்ணை," என்று வேலிக்கு அங்கால் மாமியின் குரல் தழுதழுத்தது. "அவருக்கு ஏலாதாம். நான் இப்பிடியே தனியக் கிடந்திட்டுப் போறன்."

மறுநாள் கந்தோர் ஐயா வந்தார். கூரையில்லாத வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவர் கேட்காமலே அயலட்டை முழுவதும் குலசிங்கத்தின் குணநலன்களை எடுத்துச் சொன்னது. சத்தம் கூடச் சொன்னவன் அப்புத்துரை. ஐயா வேலியைப் பார்த்தார், குலசிங்கத்தைப் பார்த்தார்.

"படிச்ச மனிசன்தானே ஐசே நீர்?"

குலசிங்கம் மாலைக்குக் கழுத்தை நீட்டுபவன் மாதிரித் தலையைக் குனிந்து நின்றான். உள்ளுக்குள் றேடியோ பாடிக்கொண்டிருந்தது.

மாசி முடிவதற்குள் காசு வந்தது. மாமி போய் வாங்கிக்கொண்டு வந்தாள் என்று கேள்விப்பட்டதும் குலசிங்கம் கடையை நேரத்தோடு பூட்டினான். அரை உடம்பாய் மெலிந்திருந்தாலும் சைக்கிள் பறந்தது. வீட்டுக்கு வந்து கத்தியை எடுத்துக்கொண்டு வேலியை வெட்டப் போனான். இன்றைக்கு இராச் சாப்பாடு மாமியின் கையால்!

வேலியடியில் ஒரு மாட்டுவண்டில் நின்றது. வண்டில் நிறையக் கல்லு. மேசன் குருசுமுத்து வேலி நீளத்துக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மேசன், இஞ்ச என்ன செய்யிறீர்?"

"ஆச்சி மதில் கட்டச் சொன்னவ, மனேச்சர். வேலியெண்டால் உக்கிப்போமாம். கூரைக்கு நாளைக்கு ஓலை வருது."

"மதிலோ? மாமி! மாமி!"

"கை வேலையாய் இருக்கிறன் தம்பி," என்று அங்காலிருந்து குரல் வந்தது. கூடவே அம்மியில் மிளகாய் அரைபடும் சத்தம்.

சறோஜினிதேவி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"நூலைச் சுத்தும் மேசன்," என்றான் குலசிங்கம். "உமக்கு விசயம் தெரியாது. பிள்ளையளோட ஒரே அடுப்பில சாப்பிடுற கிழடுகளுக்குக் காசு இல்லையெண்டு அரசாங்கம் சட்டம் போட்டபடியால்தான் இந்த வேலியை அடைச்சனாங்கள். இப்ப காசு வந்திட்டுது. இனிமேல் வேலி என்னத்துக்கு?"

குருசுமுத்து நூலைக் கதியாலில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

"உப்பிடி ஒரு சட்டமும் இல்லையே, மனேச்சர். என்ர அம்மா எங்கள் எல்லாரோடையும் ஒரே அடுப்பில சாப்பிட்டுக்கொண்டுதான் காசு எடுத்தவ. விதானையார் எல்லாத்தையும் விளங்கப்படுத்தேக்க ஆச்சியும் பக்கத்திலதானே நிண்டவ?"